டிடி (டைம் ட்ரையல்) பைக் செட்டப்: ஒரு ப்ரோ ரைடரோட சைக்கிளை எப்படி தயார் பண்றாங்க, முழுமையான வழிகாட்டி

2024 செப்டம்பர்ல சூரிச்ல நடந்த உலக சாம்பியன்ஷிப் டைம் ட்ரையலை (ஒவ்வொருத்தரா தனியா கிளம்பி கடிகாரத்தோட மோதற சைக்கிள் ரேஸ், சுருக்கமா டிடி) பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரெம்கோ எவெனெபூல் ஸ்டார்ட் மேடையில நிக்கறார், கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு, அப்பன்னு பார்த்து செயின் கழண்டுடுச்சு. அவசர அவசரமா மாட்டி விட்டாங்க, கிளம்பினார், பவர் மீட்டரும் (ரைடர் மிதிக்கற பலத்தை வாட்ஸ்ல காட்டற கருவி) வேலை செய்யல, 46.1 கிமீ தூரத்தையும் கால் சொல்றதை வெச்சே ஓட்டி 53 நிமிஷத்துல முடிச்சு ஃபிலிப்போ கன்னாவை வெறும் 6 செகண்டுல ஜெயிச்சார்.

53 நிமிஷத்துல 6 செகண்ட். இந்த அளவு வித்தியாசம் எங்க இருந்து வருது, எங்க தொலையுதுன்னு புரியணும்னா டிடி பைக்கை எந்த வரிசையில செட் பண்றாங்கன்னு தெரியணும். தேடிப் பார்த்தா ஃப்ரேம் பேரு, வீல் பேரு, விலைன்னு லிஸ்ட் நிறைய கிடைக்கும், ஆனா எதை முதல்ல பண்ணணும், எதை அப்புறம் பண்ணணும்ங்கறது அதுல இருக்காது. ப்ரோ டீம்ல ஃப்ரேம்ங்கறது ஸ்பான்சர் குடுக்கறது, எவெனெபூலுக்கு ஸ்பெஷலைஸ்டு ஷிவ், கன்னாவுக்கு பினாரெல்லோ போலிடே, விங்கெகாருக்கு செர்வெலோ பி5, அதை ரைடர் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. அதனால வேலை எல்லாம் ரைடரோட உடம்புல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா வரும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையிலதான் போகுது. சொந்தமா டிடி பைக் வெச்சிருக்கவங்க, ரோட் சைக்கிள்ல க்ளிப்-ஆன் ஏரோ பார் (முன்கையை வெச்சு கையை முன்னாடி நீட்ட மாட்டற கூடுதல் பார்) போட்டு ட்ரையத்லான் பண்றவங்க எல்லாருமே இதே வரிசையை பின்பற்றலாம், காசு செலவாகற சமாச்சாரம் பாதிக்கு மேல கடைசியிலதான் வருது.

முதல்ல காத்து கணக்கு

இதை தாண்டிட்டு போகாதீங்க, மத்த எல்லாமே இதுல தான் நிக்குது. சமதரையில 50 கிமீ வேகத்துல போற ரைடர் தள்ளறது பெரும்பாலும் காத்தைதான். காத்தை எதிர்க்கற உடம்போட முன்பக்க பரப்பும் அதோட வடிவமும் சேர்ந்த ஒரு எண் இருக்கு, அதுக்கு சிடிஏன்னு பேரு, சதுர மீட்டர்ல சொல்வாங்க. நல்ல டிடி பொசிஷன்ல அது 0.20 பக்கத்துல இருக்கும், சாதாரண ரோட் சைக்கிள்ல ப்ரேக் ஹூடை (ப்ரேக் லிவர் மேல இருக்கற ரப்பர் பிடி) புடிச்சு ஓட்டும்போது 0.30ஐ தாண்டும். கணக்கு போட்டு பாருங்க, 50 கிமீ வேகத்துல சிடிஏ 0.20 இருந்தா காத்துக்கு மட்டும் சுமார் 320 வாட்ஸ், அதே 0.30 ஆனா 480 வாட்ஸ். டயர் உராய்வுக்கு ஒரு 30 வாட்ஸ், செயின்ல கியர்ல ஒரு 10 வாட்ஸ் கூட சேர்த்துக்குங்க.

இதுல கவனிக்க வேண்டியது, சிடிஏல 0.01 குறைச்சாலே அந்த வேகத்துல 16 வாட்ஸ் மிச்சம். 46 கிமீ சமதரையா இருந்தா அந்த 16 வாட்ஸ் கிட்டத்தட்ட 50 செகண்ட் குடுக்கும். காத்து எதிர்ப்புல பெரும்பங்கு, அதாவது முக்கால் பங்குக்கு மேல, ரைடரோட உடம்புனாலதான் வருது. அதனால முழங்கையை எங்க வெக்கறோம், தலையை எங்க வெக்கறோம்ங்கறது ஃப்ரேம் ட்யூபோட வடிவத்தை விட ரொம்ப பெரிய விஷயம்.

இதுக்கு பழைய சாட்சி ஒண்ணு இருக்கு. 1989 டூர் டி ஃப்ரான்ஸ் கடைசி நாள், வெர்சாய்ல்ஸ்ல இருந்து பாரிஸ் வரைக்கும் 24.5 கிமீ டைம் ட்ரையல், லாரான் ஃபின்யோன் 50 செகண்ட் முன்னாடி இருக்கார், க்ரெக் லெமாண்ட் ஏரோ பார் மாட்டிக்கிட்டு கையை முன்னாடி நீட்டி ஓட்டறார், ஃபின்யோன் சாதாரண டிடி ஹேண்டில்பார்ல ஹெல்மெட் இல்லாம ஓட்டறார். லெமாண்ட் மணிக்கு 54.5 கிமீ சராசரி வேகத்துல ஓட்டி மொத்த டூரையும் 8 செகண்டுல ஜெயிச்சார். அந்த ஏரோ பாருக்கு மோட்டரோ மந்திரமோ இல்ல, அது கையையும் தோளையும் ஒடுக்கி உள்ள கொண்டு வந்துச்சு, அவ்வளவுதான்.

யூசிஐ எல்லைகளை எழுதி வெச்சுக்குங்க

பொசிஷனை தொடறதுக்கு முன்னாடி ரைடரோட உயரத்தை அளக்கணும், ஏன்னா 2023ல இருந்து யூசிஐ (சைக்கிள் ரேஸோட உலக அமைப்பு) உயரத்தை மூணு பிரிவா பிரிச்சிருக்கு. 180 செமீக்கு கீழ இருந்தா பாட்டம் ப்ராக்கெட் (பெடல் ரெண்டும் சுத்தற மைய அச்சு) நடுவுல இருந்து எக்ஸ்டென்ஷன் (கையை நீட்டி புடிக்கற முன் குழாய்) முனை வரைக்கும் படுக்கை வாட்டுல 80 செமீ, 180ல இருந்து 190க்குள்ளன்னா 83 செமீ, 190க்கு மேலன்னா 85 செமீ. அதே மாதிரி முழங்கை பேடுக்கும் எக்ஸ்டென்ஷன் முனைக்கும் நடுவுல உயர வித்தியாசம் முறையே 10, 12, 14 செமீ வரைக்கும் இருக்கலாம். எவெனெபூல் 171 செமீ, கன்னா 193 செமீ, ரெண்டு பேரும் ரெண்டு ஓரத்துல இருக்காங்க. உயரமானவங்களுக்கு பழைய விதி ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, நீளக் கையை மடக்கி ஒரு சின்ன பெட்டிக்குள்ள வெக்கற நிலைமை, இந்த மாத்தம் அவங்களுக்கு நியாயம் பண்ணுச்சுன்னே நான் நினைக்கறேன்.

சாடிலுக்கு, அதோட மூக்கு பாட்டம் ப்ராக்கெட்டோட நேர்கோட்டுக்கு குறைஞ்சது 5 செமீ பின்னாடி இருக்கணும்ங்கறது பல வருஷமா அடிப்படை அளவா இருந்துச்சு, உடல்வாகு காரணம் காட்டி விலக்கு வாங்கற வழியும் இருந்துச்சு. மொத்த சைக்கிள் எடை 6.8 கிலோவுக்கு குறையக்கூடாது, ஆனா டிடி பைக்குல அது ஒரு பிரச்சனையே இல்ல, எல்லாமே அதுக்கு மேலதான் இருக்கும். சாக்ஸ் உயரத்துக்கு கூட அளவு இருக்கு, கணுக்காலுக்கும் முட்டிக்கும் நடுவுல பாதியை தாண்டக்கூடாது. ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சைக்கிளை ஒரு அளவு சட்டத்துல வெச்சு பார்ப்பாங்க, தாண்டியிருந்தா அங்கயே சரி பண்ணணும், அந்த பதட்டத்துல மில்லிமீட்டர் கணக்குல சரி பண்ணிக்கலாம்னு நினைக்கறது தப்பு. டீம் மெக்கானிக்குங்க எல்லையில இருந்து ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் உள்ளேயே வெப்பாங்க.

சாடிலும் க்ராங்கும்

இடுப்புதான் அஸ்திவாரம், அதனால முதல் ஸ்பேனர் இங்கதான். டிடி பொசிஷன்ல ரோட் சைக்கிளை விட சாடில் முன்னாடி தள்ளி இருக்கும். காரணம் இடுப்பு கோணம். முதுகை தரைக்கு சமமா கொண்டு வரும்போது பெடல் மேல வர்ற நேரத்துல தொடை போய் வயித்துல இடிக்கும், மூச்சு அடைக்கும், வாட்ஸ் வராது. உடம்பு முழுசையும் பாட்டம் ப்ராக்கெட்டை சுத்தி முன்பக்கமா திருப்பி விட்டா முதுகு தாழும், ஆனா இடுப்பு கோணம் அப்படியே இருக்கும். அதுக்குதான் சாடில் முன்னாடி போகுது.

இதே காரணத்துக்குதான் க்ராங்க் (மைய அச்சையும் பெடலையும் இணைக்கற தண்டு) நீளத்தையும் குறைக்கறாங்க. முன்னாடி எல்லாம் 172.5, 175 மிமீதான் நியதி மாதிரி இருந்துச்சு, இப்போ 165 மிமீ சகஜமாயிடுச்சு, தாதெய் போகாச்சார் கூட 165க்கு வந்துட்டார். 172.5ல இருந்து 165க்கு மாறினா பெடல் கீழ இருக்கும்போது கால் எட்ட வேண்டிய தூரம் 7.5 மிமீ குறையுது, அதனால சாடிலை அதே 7.5 மிமீ ஏத்தணும். ஏத்தினதும் பெடல் மேல இருக்கற நேரத்துல இடுப்புக்கும் பாதத்துக்கும் நடுவுல மொத்தம் 15 மிமீ கூடுதல் இடம் கிடைக்குது. அந்த 15 மிமீதான் மூச்சு விட இடம், முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்கவும் இடம். க்ராங்கை மாத்திட்டு சாடிலை ஏத்தாம விட்டுட்டு "சின்ன க்ராங்க் எனக்கு செட் ஆகல"ன்னு சொல்றவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. முன்பக்க பேடையும் திரும்ப அளந்து பார்க்கணும், ஏன்னா சாடில் ஏறினா பேடுக்கும் சாடிலுக்கும் உள்ள உயர வித்தியாசம் தானா கூடிடும்.

சாடில் எந்த வகைன்னா, மூக்கு குட்டையா அகலமா நடுவுல பள்ளம் இருக்கறது. டிடி பொசிஷன்ல ரைடர் உக்கார்றது மூக்கு மேலதான், உடம்பு ஓயாம முன்னாடி வழுக்கிட்டே வரும், வழுக்கினதை பின்னாடி தள்ளி உக்கார ஒவ்வொரு தடவையும் பொசிஷன் கலையும். அதை தடுக்க மேல் துணி சொரசொரப்பா இருக்கறதை தேர்ந்தெடுக்கறாங்க, இல்லாட்டி பிடிமான பட்டை ஒட்டறாங்க. நாலு தடவை உலக டிடி சாம்பியனான டோனி மார்ட்டின் மணல்தாள் மாதிரி பட்டையை சாடில்ல ஒட்டி ஓட்டினவர், அவர் உடுப்பு கிழிஞ்ச படங்கள் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. அந்த அளவுக்கு போகணும்னு இல்ல, சாடில் மூக்கை ஓரிரு டிகிரி கீழ சாய்ச்சா அழுத்தம் குறையும், ஆனா அதிகமா சாய்ச்சா எடை முழுக்க கைக்கு போயிடும், தோள் அரை மணி நேரத்துல செத்துடும்.

முழங்கை பேடும் எக்ஸ்டென்ஷனும், இங்கதான் நேரத்தை செலவழிக்கணும்

என்னை கேட்டா முழு செட்டப்புல பாதி நேரம் இதுக்கே போகணும்.

பல வருஷமா எல்லாரும் நம்பினது, பேடை எவ்வளவு கீழ இறக்கறமோ அவ்வளவு வேகம்னு. அது பாதி உண்மை. பேடை ரொம்ப கீழ இறக்கினா ரைடர் ரோட்டை பார்க்க தலையை தூக்குவார், தலை மேல நீட்டிக்கிட்டு காத்துல நிக்கும், எறக்கினதுல கிடைச்ச லாபம் அங்க போயிடும். இப்போ ப்ரோக்கள் பண்றதை கவனிங்க, கை மேல ஏறி இருக்கு, முன்கை சாய்வா முகத்துக்கு முன்னாடி வந்து நிக்குது, ஹெல்மெட்டுக்கும் கைமுட்டிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி கிட்டத்தட்ட மூடிடுது. காத்து நெஞ்சுக்குள்ள புகுந்து வயித்துல மோதறதுக்கு பதிலா கையில பிரிஞ்சு ரெண்டு பக்கமும் போகுது. பேடு கொஞ்சம் மேல இருந்தாலும் தலையை ஆமை உள்ள இழுக்கற மாதிரி தோளுக்கு நடுவுல இழுத்து வெக்க முடியுது. எவெனெபூலை பக்கவாட்டுல இருந்து எடுத்த எந்த படத்தை வேணும்னாலும் பாருங்க, கை, ஹெல்மெட், முதுகு மூணும் ஒரே கோடா ஓடும், அவரோட சின்ன உடம்புக்கு அது கூடுதல் பலம். கன்னா அவரை விட 20 செமீக்கு மேல உயரம், அவருக்கு அதிகமா வாட்ஸ் வரும் ஆனா அதே அளவு காத்தும் மோதும், ஸ்டிர்லிங்ல 2023 உலக சாம்பியன்ஷிப் டிடில இவங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் 12 செகண்ட்.

செய்முறை இப்படி. பேடோட அகலத்தை முதல்ல வசதியான இடத்துல வெச்சு ஆரம்பிங்க, முழங்கை நேரா தோளுக்கு கீழயோ கொஞ்சம் உள்ளயோ. அப்புறம் பேடு முன்னாடி பின்னாடி எங்கன்னு பாருங்க, மேல்கை தரைக்கு ஏறக்குறைய செங்குத்தா நின்னா எடையை எலும்பு தாங்கும், ரொம்ப முன்னாடி போனா தசை தாங்கணும், களைச்சு போகும். அப்புறம் முன்கையோட சாய்வு, அதுக்கப்புறம்தான் உயரம். அகலத்தை குறைக்கறது எப்பவும் லாபம்னு நினைக்காதீங்க, சில பேருக்கு கை அகலமா இருக்கும்போதுதான் தலை நல்லா உள்ள இறங்கும், மொத்தத்துல அதுவே வேகமா வரும். இது ஒவ்வொரு உடம்புக்கும் வேற வேற, அதனாலதான் சோதனை பண்ணாம யாரோட பொசிஷனையும் காப்பி அடிக்கக்கூடாது.

ப்ரோக்களுக்கு எக்ஸ்டென்ஷன் கடையில வாங்கற குழாய் இல்ல. ரைடரோட முன்கையை ஸ்கேன் பண்ணி, முழங்கையில இருந்து உள்ளங்கை வரைக்கும் கை அப்படியே பதியற மாதிரி கார்பன்லயோ 3டி ப்ரிண்ட் டைட்டானியத்துலயோ செய்யறாங்க. ஏரோகோச், வாட்ஷாப் மாதிரி கம்பெனிங்க இதையே தொழிலா வெச்சிருக்காங்க. இதோட பெரிய பலன் காத்து மட்டும் இல்ல, கை முழுக்க தாங்கல் கிடைக்கறதால ரைடர் கையை இறுக்கி புடிக்க வேண்டியதில்ல, தோள் தளர்வா இருக்கும், தலை தானா இறங்கும். சாதாரண க்ளிப்-ஆன்லயும் நுனி மேல நோக்கி வளைஞ்ச பாரும் ஆழமான பேடும் போட்டா இந்த பலன்ல நிறைய பங்கு கிடைக்கும்.

பொசிஷன்தான் எல்லாத்துக்கும் மேலங்கறதுக்கு ஒரு உதாரணம் சொல்லணும். 1996ல க்ரிஸ் போர்ட்மேன் கையை முழுசா முன்னாடி நீட்டற சூப்பர்மேன் பொசிஷன்ல ஒரு மணி நேரத்துல 56.375 கிமீ ஓட்டினார், அந்த பொசிஷனை யூசிஐ தடை பண்ணுச்சு. அந்த தூரத்தை விதிக்கு உட்பட்ட பொசிஷன்ல தாண்ட 26 வருஷம் ஆச்சு, 2022 அக்டோபர் 8ல ஸ்விட்சர்லாந்தோட க்ரென்ஹென் வெலோட்ரோம்ல (சைக்கிள் ரேஸுக்கான ட்ராக்) கன்னா 56.792 கிமீ ஓட்டினார். 3டி ப்ரிண்ட் பண்ணின உலோக ஃப்ரேம், புது வீல், புது துணி, கால் நூற்றாண்டு ஆராய்ச்சி எல்லாம் சேர்ந்து ஒரு கை வெக்கற விதத்தை ஈடுகட்ட வேண்டியிருந்துச்சு.

சோதனை பண்ணுங்க, தாங்குதான்னும் பாருங்க

ப்ரோ டீம்ங்க காத்து சுரங்கத்துலயும் வெலோட்ரோம்லயும் இதை அளக்கறாங்க. வெலோட்ரோம்ல ஒரே வேகத்துல சில சுத்து ஓட்டி பவர் மீட்டர் எண்ணை வெச்சு சிடிஏ கணக்கு போடறாங்க. நம்ம கையில பவர் மீட்டர் இருந்தா போதும், காத்து இல்லாத காலை நேரத்துல ஒரே ரோட்டுல போயி வந்து பதிவு பண்ணி ராபர்ட் சங் உருவாக்கின விர்ச்சுவல் எலிவேஷன் முறையில (வாட்ஸையும் வேகத்தையும் வெச்சு சிடிஏவை கணக்கு போடறது) பார்க்கலாம், இலவச சாஃப்ட்வேர்லயே வருது. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். பழைய செட்டப்பை கடைசியில திரும்ப ஓட்டி எண் அதே வருதான்னு சரிபார்க்கணும், வரலைன்னா காத்தோ வெப்பமோ மாறியிருக்கு, அன்னைக்கு எடுத்த எண் எதையும் நம்பாதீங்க.

இதோட முக்கியமான பாதி, அந்த பொசிஷன்ல எவ்வளவு நேரம் இருக்க முடியும்ங்கறது. காத்து சுரங்கத்துல ரெண்டு நிமிஷம் அழகா நின்ன பொசிஷன், ரேஸ்ல 35வது நிமிஷத்துல தலை தூக்கி தோள் விரிஞ்சு போச்சுன்னா சுரங்கத்துல கிடைச்ச எண்ணுக்கு அர்த்தமே இல்ல. ப்ரோக்கள் வாரா வாரம் டிடி பைக்குல பயிற்சி பண்றது இதுக்குதான். புது பொசிஷனுக்கு வந்ததும் முதல்ல 20 நிமிஷம் ரேஸ் வாட்ஸ்ல ஓட்டிப் பாருங்க, பக்கத்துல ஒரு ஆளை விட்டு வீடியோ எடுக்க சொல்லுங்க, எந்த நிமிஷத்துல தலை ஏற ஆரம்பிக்குதுன்னு பாருங்க. ரோட் சைக்கிள்ல வர்ற வாட்ஸை விட கொஞ்சம் குறையறது சகஜம், ரொம்ப குறைஞ்சா 5 மிமீ ஏத்திட்டு திரும்ப பாருங்க.

ஹெல்மெட், ஸ்கின்சூட்

ஹெல்மெட்டை பொசிஷன் முடிஞ்ச பிறகுதான் தேர்ந்தெடுக்கணும், ஏன்னா அது தலையோட சேர்ந்து வேலை செய்யறது இல்ல, முதுகோட சேர்ந்து வேலை செய்யுது. வால் நீளமான ஹெல்மெட் தலையை அசைக்காதவருக்கு நல்லது, அடிக்கடி கீழ குனியறவருக்கு அந்த வால் மேல நிமிந்து காத்தை வாங்கும். போக் டெம்பர், ஜைரோ ஏரோஹெட் 2 மாதிரி அகலமான வகைங்க தோளுக்கு வர்ற காத்தையே திருப்பி விடற நோக்கத்துல செஞ்சது, பார்க்க விநோதமா இருந்தாலும் வேலை செய்யற ஆளுக்கு வேலை செய்யும். அளவு சரியா உக்காரணும். 2020 டூர்ல லா ப்ளான்ஷ் தே பெல் ஃபிய் டைம் ட்ரையல்ல ரோக்லிச் மஞ்சள் ஜெர்சியை (மொத்தத்துல முன்னாடி இருக்கறவர் போடறது) இழந்த அன்னைக்கு அவர் ஹெல்மெட் நெத்திக்கு மேல ஏறி கோணலா நின்ன படத்தை மறக்கவே முடியாது. அவர் தோத்ததுக்கு ஹெல்மெட் காரணம்னு நான் சொல்ல வரல, வைசர் இடத்துல உக்காரணும்னு சொல்றேன்.

ஸ்கின்சூட்ல (உடம்போட ஒட்டற ஒரே துண்டு உடுப்பு) கைக்கும் தோளுக்கும் வரி வரியா இழைச்ச துணி இருக்கும், அது காத்தை உடம்போட ஒட்டி கொஞ்ச தூரம் கூடுதலா ஓட வெச்சு பின்னாடி உருவாகற சுழலை குறைக்குது. சுருக்கம் விழக்கூடாது, நம்பர் தாளை உள்ள வெக்கற பை இருந்தா நல்லது. செலவுக்கு ஏத்த பலன்னு பார்த்தா விலை உயர்ந்த வீலை விட நல்லா ஒட்டற ஸ்கின்சூட் முன்னாடி நிக்கும்.

வீலும் டயரும்

பின்னாடி டிஸ்க் வீல், இதுல யோசிக்கவே தேவையில்ல, பக்கவாட்டு காத்து வந்தா கப்பல் பாய் மாதிரி வேலை செஞ்சு எதிர்ப்பை குறைக்கும், எடை பின்னாடி இருக்கறதால ஸ்டியரிங்கை தொந்தரவு பண்ணாது. முன்னாடி வீல்தான் அந்த அந்த நாளைக்கு முடிவு பண்ண வேண்டியது. காத்து அமைதின்னா 80 மிமீ பக்கம் ஆழமான ரிம்மோ மூணு ஸ்போக் வீலோ, காத்து அடிச்சா 60க்கு இறங்குங்க. வீல் ஆடுதேன்னு பயந்து ரைடர் பேடை விட்டுட்டு பேஸ்பாரை (ப்ரேக் இருக்கற வெளி ஹேண்டில்பார்) புடிச்சா, அந்த சில செகண்டுக்கு போற வாட்ஸ் ஆழமான ரிம் குடுத்ததை விட அதிகம்.

டயர் இப்போ 25ல இருந்து 28 மிமீ, ட்யூப்லெஸ், இல்லாட்டி லேட்டெக்ஸ் ட்யூப். கான்டினென்டல் ஜிபி5000 டிடி, விட்டோரியா கோர்சா ஸ்பீட் மாதிரி ரேஸுக்குன்னே மெலிசா செஞ்ச டயருங்க. உராய்வு எண்ல 0.001 வித்தியாசம்னா 80 கிலோ மொத்த எடைக்கு 50 கிமீ வேகத்துல 11 வாட்ஸ், இது ரொம்ப பெரிய காசு இல்லாம கிடைக்கற லாபம், அதனால சாதாரண ஆளுக்கு நான் முதல்ல சொல்றது டயரை மாத்துங்கன்னுதான். ரிம்மோட வெளி அகலம் டயரை விட குறைஞ்சது 5 சதவீதம் பெருசா இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, அப்பத்தான் காத்து டயர்ல இருந்து ரிம்முக்கு பிரியாம ஓடும்.

காத்தழுத்தம் பழைய காலத்து மாதிரி 120 பிஎஸ்ஐ இல்ல. 70 கிலோ ஆளுக்கு 28 மிமீ டயர்ல நல்ல ரோட்டுக்கு 70, 75 பிஎஸ்ஐ போதும். ஹூக்லெஸ் ரிம்முன்னா (டயரை புடிச்சுக்கற உள் மடிப்பு இல்லாதது) 72.5 பிஎஸ்ஐக்கு மேல போகவே கூடாது, டயர் கழண்டு வரும். மழைன்னா 5ல இருந்து 10 பிஎஸ்ஐ குறைங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக் டிடி அன்னைக்கு மழை, 32.4 கிமீ, க்ளோயி டைகெர்ட் வளைவுல வழுக்கி விழுந்து எழுந்து வந்து வெண்கலம் எடுத்தார், இன்னும் பல பேர் விழுந்தாங்க. டிஸ்க் வீல்ல வால்வுக்கு சாதாரண பம்ப் தலை நுழையாது, வளைஞ்ச அடாப்டர் வேணும், அதை டூல் பையில போட்டு வெச்சுடுங்க.

கியரும் செயினும்

54 பல் செயின்ரிங் (பெடல் பக்கம் இருக்கற பல் சக்கரம்) ஒரு காலத்துல பெருசு. இப்போ 60க்கு மேல போடறாங்க. வேகத்துக்காகன்னு தோணும், ஆனா 54க்கு 11லயே போதுமான கியர் இருக்கு. நோக்கம் வேற. 95 கேடன்ஸ்ல (நிமிஷத்துக்கு 95 சுத்து மிதிக்கறது) 55 கிமீ வேகம் போக கியர் விகிதம் 4.6 பக்கம் வேணும், 60க்கு 13 போட்டா சரியா வரும். செயின் கேசட் (பின் வீல்ல இருக்கற பல் சக்கர அடுக்கு) நடுவுல நேரா ஓடும், சின்ன 11, 12 பல்லுல ஒவ்வொரு கண்ணியும் கூர்மையா மடங்கறதுக்கு பதிலா பெரிய பல்லுல கம்மியா மடங்கும், அதனால உராய்வு குறையும். ஆக, ரேஸோட சராசரி வேகத்தை யூகிச்சு அந்த வேகத்துல செயின் எந்த பல்லுல நிக்கணும்னு முடிவு பண்ணி அங்க இருந்து பின்னோக்கி செயின்ரிங்கை தேர்ந்தெடுக்கணும். ஒத்தை செயின்ரிங்குன்னா செயின் கார்டு கட்டாயம். சூரிச் மேடையில நடந்ததை பார்த்த பிறகு இதுல விவாதமே வேண்டாம்.

செயினை கிரீஸ் போக நல்லா கழுவி உருக்கின மெழுகுல முக்கி எடுக்கறாங்க. புது செயினை விட கொஞ்ச தூரம் ஓட்டி பழகின மெழுகு செயின்தான் ரேஸுக்கு. எண்ணெய் மேல எண்ணெய் விட்டு கருப்பா ஆன செயினோட ஒப்பிட்டா சில வாட்ஸ் சும்மா கிடைக்குது. டிரெயிலியர்ல (கியர் மாத்தற பாகம்) போடற பெரிய புல்லி எல்லாம் கடைசியா பாத்துக்கலாம், காசுக்கு தகுந்த பலன் இல்லங்கறது என் அபிப்பிராயம்.

ஷிஃப்ட் பட்டன் எக்ஸ்டென்ஷன் நுனியில ஒண்ணு, பேஸ்பார்ல ப்ரேக் பக்கத்துல ஒண்ணு, ரெண்டு இடத்துலயும் இருக்கணும், கொண்டை ஊசி வளைவுல இருந்து எழுந்து மிதிக்கும்போது பேஸ்பார்ல பட்டன் இல்லாட்டி தப்பான கியர்ல திணறுவீங்க. கம்ப்யூட்டர் ரெண்டு எக்ஸ்டென்ஷன் நடுவுல, கண்ணை மட்டும் இறக்கினா தெரியற இடத்துல. பாட்டில் டவுன் ட்யூப்ல ஒண்ணு, குட்டி ரேஸ்னா அதுவும் வேண்டாம்.

மலை வந்தா சைக்கிளை மாத்தறதா?

2023 டூர்ல பாஸில இருந்து கோம்ப்ளூ வரைக்கும் 22.4 கிமீ டிடி, நடுவுல கோட் தெ தோமான்சி, 2.5 கிமீ, சராசரி 9.4 சதவீத ஏத்தம். போகாச்சார் ஏத்தத்துக்கு முன்னாடி ரோட் சைக்கிளுக்கு மாறினார், விங்கெகார் மாறவே இல்ல, டிடி பைக்குலயே முடிச்சார், 1 நிமிஷம் 38 செகண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சார். அந்த வித்தியாசத்துக்கு சைக்கிள் மட்டும் காரணம் இல்ல, விங்கெகார் அன்னைக்கு வேற லெவல்ல இருந்தார். ஆனா முடிவு எப்படி எடுக்கறதுன்னு கணக்கு போட அது நல்ல உதாரணம். அந்த ஏத்தம் 235 மீட்டர் உயரம், 400 வாட்ஸ்ல போற ஆளுக்கு ஒரு கிலோ கூடுதல் எடைக்கு சுமார் 6 செகண்ட் செலவு. டிடி பைக் ஒண்ணரை கிலோ கூடன்னா 9 செகண்ட். நிறுத்தி இறங்கி ஏறி வேகம் எடுக்கவே பத்து பதினஞ்சு செகண்ட் போயிடும், ஏத்தத்துக்கு அப்புறமும் லேசா ஏறிட்டே போற ரோடு இருந்துச்சு, அங்க டிடி பொசிஷன் திரும்ப உதவும். அதனால மாத்தறது லாபமா வரணும்னா ஏத்தம் நீளமா, கடைசியில, அதுக்கப்புறம் சமதரை இல்லாம இருக்கணும். 2020ல போகாச்சார் மாத்தினது அப்படிப்பட்ட மலை உச்சி முடிவுக்கு, அன்னைக்கு அது சரியா வந்துச்சு.

ரேஸ் காலை

போல்ட் எல்லாத்துக்கும் டார்க் ஸ்பேனர் (எவ்வளவு இறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) போடுங்க, எவ்வளவுன்னு அந்த அந்த பாகத்துலயே எழுதியிருக்கும். சீட்போஸ்ட் இறங்கிடுச்சான்னு ஒரு டேப் ஒட்டி குறி வெச்சிருந்தா பார்த்ததும் தெரியும், கார்பன் பேஸ்ட் தடவாத சீட்போஸ்ட் வார்ம்-அப்புல 3 மிமீ இறங்கறது சாதாரணம். பேட்டரி சார்ஜ், முன் பின் ரெண்டு வீலையும் சுத்தி ப்ரேக் உரசுதான்னு காதை வெச்சு கேளுங்க, டிஸ்க் வீல் மாட்டினா ப்ரேக் இடைவெளி மாறியிருக்கும். பவர் மீட்டரை வெளி வெப்பத்துக்கு பழக விட்டு அப்புறம் ஸீரோ பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல சராசரி வேகத்தை காட்ட வேண்டாம், அது பதட்டத்தை தவிர ஒண்ணும் குடுக்காது, வாட்ஸும் தூரமும் போதும். முதல் அஞ்சு நிமிஷம் இலக்குக்கு கொஞ்சம் கீழயே வெச்சுக்கிட்டு ஏத்தத்துலயும் எதிர்காத்துலயும் கூட்டணும், இறக்கத்துல குறைக்கணும், ஏன்னா 65 கிமீல போறப்ப கூடுதலா போடற 30 வாட்ஸ் காத்துல கரைஞ்சு போயிடும்.

ஸ்பேர் சைக்கிள்

டீம் கார் மேல நிக்கற ரெண்டாவது சைக்கிளை கடைசி நிமிஷ வேலையா விடறாங்க, அது எனக்கு பிடிக்காத பழக்கம். பாரிஸ் ஒலிம்பிக்ல ஜோஷ் டார்லிங்குக்கு முன் டயர் பஞ்சர், சைக்கிள் மாத்தினார், கடைசியில வெண்கலத்தை ரெண்டே செகண்டுல விட்டு நாலாவது வந்தார். 20 வயசு பையன், பார்க்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. ஸ்பேர் சைக்கிள்ல சாடில் உயரம், சாடில் முனையில இருந்து பேடு தூரம், பேடு உயரம், எக்ஸ்டென்ஷன் நீளம் எல்லாம் முதல் சைக்கிளை அளந்த அதே டேப்ல, அதே ஆள் அளக்கணும். எக்ஸ்டென்ஷனும் அதே மோல்டு. பெடல் டென்ஷன் ஒரே மாதிரி, அந்த அவசரத்துல ஷூ மாட்டாம ரெண்டு தடவை மிதிச்சா போதும், மூணு செகண்ட் காலி. மேல ஏத்தும்போது ரைடர் எடுத்ததும் மிதிச்சு கிளம்பற கியர்ல, கேசட்டோட நடு பல்லுல செயினை விட்டு வெச்சு, டயர்ல காத்தை அன்னைக்கு காலையில திரும்ப பார்த்து, மெயின் சைக்கிள்ல மழைக்காக அழுத்தத்தை குறைச்சிருந்தா இதுலயும் அதே அளவு குறைச்சு, ரைடர் இருக்கற பக்கத்துக்கு கைக்கு எட்டற மாதிரி கார் மேல மாட்டணும்.